120ஆ, 140ஆ? செஸ்ட்நட் பாதைக்கு எந்த மவுண்டன் பைக்?

கேள்வி: வணக்கம் அண்ணா. புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருக்கிறேன். சில வருடங்களாக ஒரு ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) சைக்கிளில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவிலும் புக்கிட் தீமாவிலும் வாராவாரம் ஓட்டி வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு புலாவ் உபின் போய் கெத்தாம் பாதை. எப்போதாவது நண்பர்களோடு ஜோகூர் பக்கம். இப்போது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கப்போகிறேன். கடையில் போன தலைமுறை மாடல்கள் இரண்டு தள்ளுபடியில் இருக்கின்றன. ஒன்று டிரெக் டாப் ஃபியூயல் 8, மூன்றாம் தலைமுறை: முன்னும் பின்னும் 120 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்). மற்றது டிரெக் ஃபியூயல் இஎக்ஸ் 8, ஆறாம் தலைமுறை: பின்னால் 140, முன்னால் 150. இரண்டும் அலுமினியம். பெரியதற்குச் சில நூறு வெள்ளி கூடுதல். கடைக்காரர், "பெரியதை எடுத்தால் பின்னாளிலும் உதவும்" என்கிறார். நண்பரோ, "நம் ஊருக்கு அது வீண் சுமை" என்கிறார். என் உயரம் 172 செ.மீ., எடை 68 கிலோ. எதை எடுக்கலாம்?

பதில்: டாப் ஃபியூயல் எடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு இதில் தயக்கமே இல்லை.

ஃபியூயல் இஎக்ஸ் நல்ல சைக்கிள்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது எந்த நிலத்துக்காக வடிவமைக்கப்பட்டது என்று பாருங்கள். அதன் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபிரேமின் முன்குழாய் சாய்ந்திருக்கும் கோணம், 64.5 டிகிரி அளவில் இருக்கும். டாப் ஃபியூயலுக்கு 66. அந்த ஒன்றரை டிகிரியில் முன்சக்கரம் உங்களைவிட்டு இன்னும் முன்னே தள்ளிப் போகிறது, சைக்கிளின் நீளமும் கூடுகிறது. செங்குத்தான, நீண்ட இறக்கத்தில் வேகமாக வரும்போது அது பெரிய பலம்; சைக்கிள் பதறாமல் நேராகப் போகும். மெதுவாக ஏறும்போது கதை வேறு. முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயப் பார்க்கும், குறுகிய வளைவில் அதைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கும்.

நம் ஊரில் எது அதிகம்? சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டரைத் தொடவில்லை. சைக்கிள் பாதை அதன் உச்சிக்குப் போவதும் இல்லை, அடிவாரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. செஸ்ட்நட்டில் சைக்கிளுக்கென்று இருக்கும் பாதை வடக்கும் தெற்கும் சேர்த்து சுமார் 8 கி.மீ. இரண்டு இடத்திலும் குட்டிக் குட்டி ஏற்றம், உடனே ஒரு இறக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பம், வேர்கள், மறுபடி ஏற்றம். ஒரு இறக்கம் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிடும். மிதிக்கிற நேரம்தான் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் சட்டென்று முடுக்கினால் சட்டென்று பாய்கிற சைக்கிள்தான் சந்தோஷம் தரும். இந்த இரண்டுக்கும் எடையில் ஏறக்குறைய ஒரு கிலோ வித்தியாசம் வரும். ஆனால் எடையைவிட, மிதிக்கும்போது பின்பக்கம் எவ்வளவு அமுங்கி எழுகிறது என்பதை உங்கள் கால்கள் சீக்கிரம் உணரும்.

டிராவல் கூடினால் சொகுசும் தானாகக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். பின் சஸ்பென்ஷனான ஷாக்கில் காற்றை உங்கள் எடைக்கு ஏற்ப அடைக்கவில்லை என்றால் 140 மி.மீ.யும் கட்டையாகத்தான் இருக்கும். சரியாக அடைத்த 120 வேர்களை விழுங்கிக்கொண்டு போகும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு டிராவல் தேவை என்பதை இந்த வாரமே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உங்கள் ஹார்ட்டெயிலின் முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கின் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இல்லையென்றால் சின்ன கேபிள் டையைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு அதைக் கீழே தள்ளி வைத்து, செஸ்ட்நட் முழுவதையும் வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். முடிவில் வளையம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மேலே இன்னும் நிறைய இடம் மிச்சம் இருந்தால், இருக்கிற டிராவலையே நீங்கள் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் போய் முட்டுகிறது என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், யோசிப்போம்.

கெத்தாம் பாதை பற்றி உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கலாம். அங்கே கடினமான பாதை என்பதற்கான கறுப்பு வைரக் குறி, இரட்டைக் கறுப்பு வைரக் குறி போட்ட பகுதிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவை சின்னச் சின்னத் துண்டுகள். அங்கே கைகொடுப்பது கூடுதலாக வரும் 20, 30 மி.மீ. அல்ல. இருக்கையைப் பொத்தானால் கீழே இறக்கும் டிராப்பர் போஸ்ட், நல்ல முன் டயர், நம்பிக்கை தரும் பிரேக், இவை மூன்றும்தான். ஜோகூருக்கு எப்போதாவது போகிறீர்கள் என்கிறீர்கள். அந்தச் சில நாட்களில் கொஞ்சம் நிதானமாக இறங்கினால் 120 போதும்.

எப்போது என் பதில் மாறும்? மாதாமாதம் ஜோகூரிலோ பாத்தாமிலோ பெரிய இறக்கங்களைத் தேடிப் போகிறவராக நீங்கள் இருந்தால். அல்லது நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் போல, கேபிள் காரில் மேலே போய் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும் இடங்களுக்குச் சொந்த சைக்கிளை எடுத்துப் போகிற திட்டம் இருந்தால். உயரமான மேடுகளிலிருந்து குதித்துப் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தாலும் சரி. அப்போது ஃபியூயல் இஎக்ஸ்தான். கடைக்காரர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் என்றோ ஒருநாள் போகப்போகும் மலைக்காக, ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவைக்கு மிஞ்சிய சைக்கிளை மிதிக்க வேண்டாம். அங்கே போனால் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஊர்களில் நல்ல சைக்கிள்களே வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொன்று, வீட்டிலிருந்து பாதைக்கு எப்படிப் போவீர்கள்? எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி, இந்த இரண்டையும் ஏற்ற முடியாது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து செஸ்ட்நட் பக்கம்தான், ஓட்டியே போய்விடுவீர்கள். அந்தத் தார்ச்சாலைத் தூரத்திலும் சின்ன சைக்கிள்தான் சுகம். உபினுக்குப் படகு ஏறும் சாங்கி படகுத்துறைக்கு எப்படியும் கார் வேண்டும்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கார்ப்பேட்டையில் இரண்டு சுற்று ஓட்டினால் பெரிய சைக்கிள்தான் மனதைக் கவரும், மெத்தையில் உட்கார்ந்தது போல இருக்கும். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். முதலில் ஷாக் பம்ப் கேளுங்கள். ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் பின் ஷாக் அது அமுங்கக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 விழுக்காடு வரை அமுங்க வேண்டும், முன் ஃபோர்க் 15 முதல் 20. அதைச் சரிசெய்து தர மனமில்லாத கடையில் இவ்வளவு பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாளைக்குப் பழுது பார்க்கவும் அவர்களிடம்தானே போக வேண்டும்? பக்கத்தில் எங்காவது படிக்கட்டு இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று மேட்டில் வேகமாக மிதித்துப் பாருங்கள். அளவைப் பொறுத்தவரை, டிரெக்கில் எம்முக்கும் எல்லுக்கும் நடுவே எம்/எல் என்று ஓர் அளவு இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

மிச்சமாகும் சில நூறு வெள்ளியில் முதலில் டயரை டியூப்லெஸ் ஆக்குங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 20 முதல் 22, பின்னால் 23 முதல் 25 பிஎஸ்ஐ என்று தொடங்கி, பழகப் பழக மாற்றிக்கொள்ளலாம். ஈரமான வேர்மீது சக்கரம் வழுக்காமல் இருப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சொந்தமாக ஒரு ஷாக் பம்ப் வாங்குங்கள். மீதியைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். ஹார்ட்டெயிலிலிருந்து வருகிறவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடும் செலவு இதுதான். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், 200 மணிக்கு ஒருமுறை முழுப் பராமரிப்பு. ஃபாக்ஸ் என்றால் 125 மணி அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதத்தில் 50 தாண்டிவிடும். இதோடு, பின்பக்க இணைப்புகளில் உள்ள பேரிங்குகள். நம் ஈரக்காற்றிலும் மழையிலும் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். உபினிலிருந்து வந்ததும் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி அந்த இடங்களைக் கழுவவே கழுவாதீர்கள், வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

வாங்குமுன் பின்சக்கரத்தின் ஃப்ரீஹப் (கேசட் எனும் பல்சக்கரத் தொகுப்பு உட்காரும் பகுதி) எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ராம் நிறுவனத்தின் என்எக்ஸ் கேசட் பழைய வகை ஃப்ரீஹப்பில் உட்காரும். பின்னாளில் 10 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு மாற நினைத்தால் ஃப்ரீஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: மூன்று வருடம் பழைய கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்று, புதிய விலையில் பாதிக்கு வருகிறது. விற்பவர் தனி ஆள். துணிந்து வாங்கலாமா?

பதில்: பராமரிப்பு ரசீதுகள் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் ஃபோர்க், ஷாக், பேரிங் மூன்றுக்கும் முழுப் பராமரிப்புச் செலவு உங்கள் தலையில் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், அடியில் அழுக்கு இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே, செயின் பக்கத்துக் குழாயில், ஷாக் பொருத்தியிருக்கும் இடங்களில் விரிசலோ புதிய பெயின்ட்டோ ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்கையைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்புமுன் "டக்" என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் வழுவழுப்பான குழாயில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் நான் அதை விட்டுவிடுவேன். ஃபிரேமின் தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தாலும் அங்கேயே நடையைக் கட்டுங்கள்.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஃபிரேமுக்கான முழு உத்தரவாதத்தை முதல் உரிமையாளருக்கு மட்டுமே தருகிறார்கள். தனி ஆளிடம் வாங்கினால், குறையுள்ள பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் சட்டமான ‘லெமன் லா’வின் பாதுகாப்பும் கிடையாது. பாதி விலை என்பது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். இதே விலைக்கு ஒரு கடை பழைய சைக்கிளை விற்றால், பத்து விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தாலும் நான் கடையில்தான் வாங்குவேன்.

கேள்வி: புது சைக்கிள் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பின் ஷாக்கில் காற்று நிற்கவில்லை. கடையில் கேட்டால், "தயாரிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம், அவர்கள் சொல்வதுதான் முடிவு" என்று வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு விற்றது கடை. பொறுப்பும் கடைக்குத்தான். தயாரிப்பாளரின் உத்தரவாதம் தனி, சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை தனி.

2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் லா’ விதிகளின்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை முதலிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். முதலில் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் அதைச் செய்யவில்லை என்றால் விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் தேய்மானத்துக்கும், விழுந்து அடிபட்டதற்கும் இது பொருந்தாது. ஆகவே ஷாக்கின் வெளிப்புறத்தில் அடிபட்ட தடயம் இல்லை என்று காட்டும் படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இனிமேல் வாய்ப்பேச்சு வேண்டாம். வாங்கிய தேதி, குறை தெரிந்த தேதி, கடையில் ஒப்படைத்த தேதி மூன்றையும் குறிப்பிட்டு, இன்ன தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் இதற்கே வேலை நகரும். நகராவிட்டால் ‘கேஸ்’ எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம், வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. சைக்கிள் இப்போது கடையில்தான் இருக்கிறது என்றால், அதை ஒப்படைத்ததற்கான ரசீதை இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.