அக்காவின் சீட்டுப் பணமும் பேதுருவின் கரிநெருப்பும்

சகோதரரே, எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் சீட்டுப் பணத்தில் 20,000 ரூபாயை அவருக்குத் தெரியாமல் எடுத்ததாகவும், ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ராத்திரி ஜெபத்தில் அதுவே கண்முன் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 'நான் நிஜமாகவே மன்னிக்கப்பட்டேனா' என்று கேட்கிறீர்கள்.

மன்னிப்பு நம் மனசு லேசாவதைப் பொறுத்தது இல்லை. பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிறது பைபிளில் 1 யோவான் 1:9. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள். இயேசுதான் முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது அப்புறம்தான். திருப்பித் தருவது இரட்சிப்புக்கு விலை அல்ல, ஆனால் இரட்சிப்பு வந்த வீட்டில் அந்தப் பணம் தங்காது.

அதனால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது; உங்கள் கணக்குக்கு 24,000. அந்தச் சட்டம் இன்று நம்மைக் கட்டாது, இருந்தாலும் நியாயமான அளவு என்றே எனக்குப் படுகிறது. மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 2,000 கொடுங்கள். காரணம் சொல்லாமல் மட்டும் கொடுக்காதீர்கள்.

அக்கா கோபப்படலாம். அதற்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். இயேசுவின் சீடன் பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தெழுந்த பின் இயேசு கடற்கரையில் வைத்திருந்ததும் கரிநெருப்புதான், அதன்மேல் மீன். அந்தப் புகை பேதுருவை என்ன செய்திருக்கும்! ஆனால் இயேசு முதலில் சாப்பிட வாருங்கள் என்றார், 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வி பிறகுதான்.

எப்போது போகிறீர்கள் என்று எழுதுங்கள். அன்று உங்களுக்காக ஜெபிக்கிறேன்.