கண் திறக்காத குட்டி, பால் மணத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

கேள்வி: பிறந்த குட்டிக்குத் தாய்முலையின் வாசனை பிறவியிலேயே தெரியுமா, பழகித் தெரிந்துகொள்கிறதா?

இரண்டும்தான், விகிதம் இனத்துக்கு இனம் மாறும். முயலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். தேடித் தடுமாற அவகாசமே இல்லை. அதன் பாலில் 2-மெத்தில்பியூட்-2-ஈனால் என்ற பொருள் இருப்பது 2003-இல் தெரியவந்தது. அதை ஒரு கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினாலே குட்டி தலையை ஆட்டித் தேடி, வாயால் கவ்வப் பார்க்கும். இது கற்றதல்ல. ஆனால் அதோடு சம்பந்தமே இல்லாத வேறொரு மணத்தைச் சேர்த்து ஒரே ஒரு முறை முகரவைத்தால் போதும், மறுநாள் அந்தப் புது மணத்துக்கும் அதேபோல் கவ்வ வரும். எனக்கு இதில் மிக வியப்பானது இந்த வேகம்தான்.

எலிக்குட்டி வேறு வழி. பிரசவத்தின்போது தாய் தன் உடலை நக்கும். பனிக்குட நீரும் எச்சிலும் காம்பில் படியும். கருப்பையிலேயே பழகிய மணம் அது. காம்பைக் கழுவிவிட்டால் குட்டி பற்றாது. கழுவிய நீரை மீண்டும் தடவினால் பற்றும். பிறகு தாய் குட்டியை நக்கும் ஒவ்வொரு முறையும் குட்டியின் மூளையில் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த நேரத்தில் மூக்கில் ஏறும் மணம் விருப்பமாகப் பதிகிறது. முதல் ஒன்பது பத்து நாளில் மென்மையான மின் அதிர்ச்சியோடு வந்த மணத்தைக்கூடக் குட்டி விரும்பும், ஏனெனில் பயத்தைப் பதியவைக்கும் மூளைப்பகுதியான அமிக்டலா அப்போது இந்தக் கற்றலில் இன்னும் சேரவில்லை.

ஆகவே குட்டி ஈன்ற பிராணியின் காம்புகளைத் தேவையின்றிச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள்.