பட்டியலில் விழும் பெயர்கள்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். சுற்றறிக்கை, தீர்மானம், பாடவேளை எல்லாவற்றுக்கும் இப்போது சாட்ஜிபிடிதான். வருகைப் பதிவையும் மதிப்பெண்களையும் கொடுத்தால் யார் படிப்பை நிறுத்துவார்கள் என்றும் அது சொல்லிவிடும் என்கிறார் எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர். செய்யலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

எழுத்து வேலைக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒடியா, இந்தி பேசும் பெற்றோருக்கு அவர்கள் மொழியிலேயே கடிதம் போவது பெரிய விஷயம். அனுப்புமுன் அந்த மொழி தெரிந்த பெற்றோர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கூட்டத் தேதி தப்பாகப் போனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வீணாகத் திரும்புவார்.

அந்தக் கணிப்பு மட்டும் வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2012 முதல் இப்படி ஒன்றை நடத்தியது. உரிய காலத்தில் படிப்பை முடிக்கமாட்டார்கள் என்று அது குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விஷயத்தில் கணிப்பு பொய்த்தது என்பது 2023-ல் வெளிவந்தது. கறுப்பினப் பிள்ளைகள்மீதே பொய் எச்சரிக்கை அதிகம் விழுந்திருந்தது.

உங்கள் பள்ளியையே பாருங்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தெருப் பிள்ளைகளே வரமாட்டார்கள். அம்மா பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பதால் தங்கச்சிக்குத் துணையாக ஒரு பையன் வீட்டில் இருப்பான். இன்னொருவன் ஆர்டர் அவசரத்துக்குப் பிசிறு வெட்டப் போயிருப்பான். பதிவேட்டில் மூன்றும் ஒன்றுதான். உடனே வீடு தேடிப் போக வேண்டியது கடைசிப் பையனுக்கு. "ஏங்கண்ணு, அவன் வரலையா?" என்று பக்கத்தில் உட்காரும் பையனைக் கேட்டால் தெரிந்துவிடும்.

என் பயம் கணிப்பு தப்பிப்போவதில் மட்டுமில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, ஒன்பதாம் வகுப்பிலேயே மெல்லப் படிக்கும் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகள் நம் பக்கம் உண்டு. அவர்கள் கையில் இந்தப் பட்டியல் கிடைத்தால் யாரை அனுப்புவது என்று யோசிக்கவே வேண்டாம். நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவரும் அப்படித்தான் இருப்பார் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (அரசுப் பதிவில் உள்ள மாணவர் எண்), சாதி, போன் நம்பர் எதையும் சாட்ஜிபிடியில் தட்டாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகளே.

அந்த ஆசிரியரின் அக்கறை நல்லது. அவரையும் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போங்கள். எழுத்து வேலையில் மிச்சமாகும் நேரம் அதற்குத்தான். யோசனையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் பாதிப்பேர் பெண்கள். அந்த அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.