-7 லஃப்ஸ் மாஸ்டர் ஸ்பாட்டிஃபையில் ஏன் சப்பென்று கேட்கிறது?

மாஸ்டரை (வெளியிடத் தயாரான இறுதிப் பதிவை) லிமிட்டரால் (உச்சங்கள் எல்லை தாண்டாமல் தடுக்கும் கருவி) அழுத்தி -7 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) வரை ஏற்றியும் ஸ்பாட்டிஃபையில் மற்ற பாட்டுகளுக்குப் பக்கத்தில் சப்பென்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வில்லனே அந்த -7 தான். வழக்கமான அமைப்பில் ஸ்பாட்டிஃபை பாட்டுகளைச் சுமார் -14 லஃப்ஸுக்குக் கொண்டுவரும், அதாவது உங்கள் பாட்டை 7 டெசிபல் இறக்கிவிடும், நீங்கள் ஏற்றிய சத்தம் போய் நசுங்கிய டிரம் மட்டும்தான் மிஞ்சும்.

அதற்காக -14-இலேயே நிறுத்த வேண்டும் என்றில்லை, அது இணையத்தில் பரவிய பாதி உண்மை. மாஸ்டரையும் மூல மிக்ஸையும் (கருவிகளையும் குரலையும் சேர்த்த, லிமிட்டர் போடாத பதிப்பு) ஒரே சத்த அளவுக்கு இறக்கி மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஸ்னேர் (டிரம் செட்டில் சுரீரென்று ஒலிக்கும் டிரம்) அடியின் முனை எங்கே மழுங்குகிறதோ அங்கிருந்து ஒரு படி பின்வாங்குங்கள்.

ஒவ்வொரு கிக்குக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) லிமிட்டர் முள் 5, 6 டெசிபல் சரிந்தால் கோளாறு பெரும்பாலும் மிக்ஸில்தான். கிக்கும் பேஸும் 60 ஹெர்ட்ஸ் பக்கம் முட்டிக்கொள்ளும். மிக்ஸைத் திறந்து இரண்டில் ஒன்றைக் குறையுங்கள், மாஸ்டர் ஈக்யூவில் (முழுப் பாட்டின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கை வைக்காதீர்கள் (நானும் பல ராத்திரி அப்படி வீணாக்கியவன்தான்). அப்புறம், -14-ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் ட்ரூ பீக்கை (ஒலி அலையின் உண்மையான உச்சம்) -2 டெசிபலுக்குக் கீழே வையுங்கள், இல்லையென்றால் ஸ்பாட்டிஃபை கோப்பைச் சுருக்கும்போது உச்சங்கள் எகிறி விரிசல் சத்தம் வரும்.