எம்.எஸ். நோயும் டி செல்லும்: சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்

அம்மாப்பேட்டை: அண்ணா, தங்கச்சிக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி ஏறட்டும் என்று தினமும் சீந்தில் பொடி கொடுக்கிறோம். தொடரலாமா?

இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் அம்மா. எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. அது ஆள் மாறி அடிக்கிறது. கிருமியைத் தேட வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்கள், நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறைமேல் பாய்கின்றன. அவற்றை மேலும் தூண்டக் கூடாது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு, உடம்பு தன்னையே தாக்கும் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். பொடி கொடுத்ததை நரம்பியல் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி கல்லூரி மாணவி: மூளைக்குள் ரத்தச் செல்கள் லேசில் நுழையாது என்று படித்தோம். டி செல் எப்படி நுழைகிறது, சார்?

முதலில் அது நிணநீர்க் கணுவில் உசுப்பப்பட வேண்டும். உசுப்பிய செல்லின்மேல் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற கொக்கி இருக்கும். மூளை ரத்தக்குழாயின் உட்சுவரில் வி-கேம்-1. இரண்டும் மாட்டினால் செல் அங்கே நின்று, சுவரைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே மயலின் துணுக்கைக் கண்டதும் மறுபடி முறுக்கேறி, இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூகின்-17 போன்ற அழற்சி தூண்டும் பொருள்களைக் கொட்டும். அந்தக் கூப்பாட்டுக்கு வரும் மேக்ரோஃபேஜும் அங்கேயே இருக்கும் மைக்ரோக்ளியாவும் ஆகிய விழுங்கும் செல்கள்தான் உறையை உரித்துத் தின்கின்றன. டி செல்லில் சிடி4, சிடி8 என்று வகைகள் உண்டு; பாடப்புத்தகம் சிடி4 செல்லைத்தான் அதிகம் பேசும். மூளைப் புண்ணில் எண்ணிப் பார்த்தால் சிடி8 தான் கூடுதல்.

நடாலிசுமாப் அந்தக் கொக்கியை மூடும் எம்.எஸ். மருந்து. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் காவலுக்குப் போகும் டி செல்லும் வெளியே நின்றுவிடுவதால், ஜேசி வைரஸ் மூளையில் பெருகி பி.எம்.எல். என்ற கொடிய மூளை நோய் வரலாம். இதனால்தான் அமெரிக்காவில் 2005இல் விற்பனையை நிறுத்தி, 2006இல் கட்டுப்பாடுகளோடு திரும்ப விட்டார்கள். ஜேசி எதிர்ப்பொருள் பரிசோதனை பார்த்துவிட்டுத் தொடங்குவதே சரி.

ஓமலூர்: எம்.எஸ்.ஸுக்கு ஃபிங்கோலிமோட் 0.5 மி.கி. சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டில் லிம்போசைட் 480 என்று சிவப்பில் இருக்கிறது. விட்டுவிடவா?

விடாதீர்கள். லிம்போசைட் என்பது டி செல்லும் அடங்கிய வெள்ளை அணு வகை; அந்தச் செல்கள் சாகவில்லை. ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்தினால் மலையில் வண்டி குறையும் அல்லவா, அப்படி அவை நிணநீர்க் கணுவிலேயே நிற்கின்றன. 200க்குக் கீழே போனால் டாக்டர் நிறுத்தி வைப்பார். நீங்களாக நிறுத்தினால் தேங்கியது மொத்தமும் கிளம்பி, முன்பைவிடக் கடுமையான தாக்குதல் வரலாம். 14 நாளுக்கு மேல் விட்டுப்போனால், முதல் டோஸ் மாதிரியே 6 மணி நேரம் நாடித்துடிப்பைக் கவனித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை: சித்திரை வெயிலில் நடந்தால் அம்மாவுக்குப் பார்வை மங்குகிறது, கால் இழுக்கிறது. ஏற்காடு போனால் சரியாகிறது. வெயில் டி செல்லைத் தூண்டுகிறதா?

இல்லை. உறை உரிந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி கடத்தத் தடுமாறும். சூடு இறங்கினால் சரியாகிவிடும்; புதுச் சேதம் கிடையாது. ஈரத் துண்டும் ஃபேனும் வைத்தே வீட்டில் சமாளிக்கலாம். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புது அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால்தான் புதுத் தாக்குதல். அதற்கு வழக்கமாக மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஏற்றும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றும் இதே அறிகுறிகளைக் காட்டும், ஸ்டீராய்டு அந்தத் தொற்றை வளர்த்துவிடும்.