வெல்டிங் நிற்கிறது, சேஸிஸ் கிழிகிறது

கேள்வி: டிரக்கை 4 அங்குலம் உயர்த்தி, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டினேன். அதன் மேல் பிராக்கெட்டை சேஸிஸில் வெல்டிங் வைத்தோம். கரடுமுரடான பாதையில் ஓட்டியதில் பிராக்கெட் சேஸிஸ் தகட்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. தகட்டுக்குப் பதில் 10 மி.மீ. போட்டால் நிற்கும் என்கிறார் வெல்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தகட்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிராக்கெட்டும் தாங்கியிருக்கிறது, வெல்டிங்கும் தாங்கியிருக்கிறது. வெல்டிங்கை ஒட்டிய ஓரத்தில்தான் சேஸிஸ் கிழிந்திருக்கிறது. அங்கே இன்னும் தடித்த தகட்டை வைத்தால் அதே ஓரத்தில் இன்னும் சீக்கிரம் கிழியும்.

முதலில் விரிசலின் நுனியைத் தேடி, அங்கே சின்னதாக ஓட்டை போடுங்கள். பிறகு விரிசலைக் கிரைண்டரால் V வடிவில் திறந்து, அடிவரை வெல்டிங் நிரப்பிச் சமமாகத் தேயுங்கள். அதன்மேல் சேஸிஸ் தகட்டின் கனத்திலேயே ஒரு பேட்ச் போடுங்கள். பேட்ச் சதுரமாக இருக்கக் கூடாது. இரு முனையும் கூராகும்படி சாய்சதுரமாக வெட்டுங்கள். சேஸிஸ் வளையும்போது அதன் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடும் வெல்டிங்தான் எமன். பிராக்கெட் அந்தப் பேட்சின் மேல் உட்காரட்டும்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் வேறு. புது ஷாக் முழுக்க மூடி முட்டியிருக்க வேண்டும், அல்லது முழுக்க நீண்டு இழுத்திருக்க வேண்டும். அந்த அடி அப்படியே பிராக்கெட்டில்தான் இறங்கும். எந்தத் தகடும் அதற்குத் தாக்குப்பிடிக்காது. அதனால் பிராக்கெட்டுக்கு இப்போதைக்கு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) நன்றாக நசுங்கும்வரை ஏற்றுங்கள். அப்போதும் ஷாக்கில் கொஞ்சம் ஓட்டம் மிச்சம் இருக்க வேண்டும். பிறகு முழுக்கத் தொங்கவிடுங்கள். ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே என்றும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது அந்த நிலையில்தான். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எல்லா நிலையிலும் இடைவெளி இருந்தால் மட்டுமே முழு வெல்டிங். டேக் உட்பட எந்த வெல்டிங்குக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற பிராக்கெட்டாக இருந்தால், இதோடு அதையும் இரு பக்கமும் காது (போல்ட் நுழையும் ஓட்டையுள்ள தகடு) வைத்து மாற்றிவிடுங்கள். போல்ட்டின் மரை காதுக்குள் உட்காரக் கூடாது. மரையில்லாத தண்டுதான் பாரத்தைத் தாங்க வேண்டும்.

கேள்வி: இடம் போதாததால் ஷாக்கைச் சாய்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு சாய்க்கலாம்?

பதில்: செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால், ஆக்ஸிலின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் திறன் ஏறக்குறைய முக்கால் பங்காகும். 45 டிகிரியில் பாதிதான். நான் 30-ஐத் தாண்ட விடமாட்டேன். இடமில்லை என்றால் மேல் பிராக்கெட்டை உயர்த்தி வளைவாகக் கட்டுங்கள். வேலை அதிகம், ஆனால் ஷாக் முழுப் பலத்தோடு வேலை செய்யும்.