பழைய எலக்ட்ரிக் பியானோ: செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் இருக்கிறேன். ரோட்ஸ் ஸ்டேஜ் 73, வுர்லிட்சர் 200ஏ என்ற இரண்டு பழைய அமெரிக்க எலக்ட்ரிக் பியானோக்களை வீட்டில் வைத்து வாசிக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால் போய்ப் பார்த்துச் சரிசெய்தும் தருகிறேன். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து: அண்ணே, எங்க ஐயா எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு பியானோ இரண்டாம் கட்டு அறையில் கிடக்கிறது. முன்னால் 'ரோட்ஸ்' என்று எழுத்து இருக்கிறது. மூடியைத் திறந்தால் பியானோக் கம்பியே இல்லை. இது என்ன சாமான்? பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா?

பிளக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் குனிந்து கீழே பாருங்கள். நாலு கால் மட்டும் இருந்தால் அது ஸ்டேஜ் மாடல். அதற்குக் கரண்டே வேண்டாம். அடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் சூட்கேஸ் மாடல். அதற்குள் ஆம்ப் இருக்கிறது, அதற்குத்தான் கரண்ட்.

கம்பி இல்லை என்றீர்கள். கம்பி வேலையை அதில் டைன் என்கிற மெல்லிய எஃகுக் குச்சி செய்கிறது. கீயை அழுத்தினால் ஹேமர் மேலே போய் டைனை அடிக்கும். டைனோடு சேர்ந்து அதன் மேலே இருக்கும் டோன்பார் என்ற பட்டையும் அதிரும். இரண்டும் சேர்ந்து ஒரு ட்யூனிங் ஃபோர்க், ஒரு கை மெலிந்தது, ஒரு கை தடித்தது. டைன் நுனிக்கு எதிரே கிட்டாரில் இருப்பது போன்ற காந்தப் பிக்கப் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக உண்டு. அதனால்தான் ஆம்ப் இல்லாமல் வாசித்தால் கிணுகிணு என்று மெல்லிசாக மட்டும் கேட்கும்.

இதைச் செய்த ஹரால்ட் ரோட்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது, காயம்பட்டுப் படுத்திருந்த அமெரிக்க வீரர்கள் மடியில் வைத்து வாசிக்க விமானத்தின் அலுமினியக் குழாய்களைக் கொண்டு சின்னப் பியானோக்கள் செய்தவர். பிறகு எலக்ட்ரிக் கிட்டார் செய்த லியோ ஃபெண்டரோடு சேர்ந்தார். 1965இல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. 73 கீ ரோட்ஸ் பெரிய அளவில் வெளிவந்தது அதன் பிறகுதான். உங்களுடையதில் 'ஃபெண்டர்' என்ற எழுத்து இல்லாமல் 'ரோட்ஸ்' மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1974க்குப் பிந்தையது. மூடியின் மேல்பகுதி வளைந்திருந்தால் மார்க் ஒன், தட்டையாக இருந்தால் 1979இல் வந்த மார்க் டூ. உள்ளே நாலு இலக்க முத்திரை ஒன்று தேடிப் பாருங்கள். 2476 என்றிருந்தால் 1976ஆம் ஆண்டின் 24ஆம் வாரம் என்று அர்த்தம்.

ஸ்டேஜ் மாடலாக இருந்தால் ஒரு கிட்டார் ஒயரும் கிட்டார் ஆம்பும் போதும், இன்றைக்கே கேட்கலாம். நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால் மட்டும் ஒலி மந்தமாகிவிடும். நடுவில் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வையுங்கள்.

சூட்கேஸ் என்றால் பின்னால் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 117 அல்லது 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் போட்ட நொடியே போய்விடும். 220, 240 என்றிருந்தாலும் இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த ஆம்புக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும். பழைய ரேடியோ, ஆம்ப் பார்க்கிற மெக்கானிக்குகள் கரண்ட் மிகாமல் இருக்க லைனில் தொடராக ஒரு பல்பு (சீரீஸ் பல்பு) போட்டுத்தான் முதலில் ஏற்றுவார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் மாமா வுர்லிட்சர் 200ஏ ஒன்றைத் தருகிறேன் என்கிறார். கடையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் விற்கிறார்களே, அது போதுமா?

போதும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மலிவாக வருவதெல்லாம் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் வீட்டு லைனிலிருந்து கருவியைப் பிரிக்காது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் என்று கேட்டு வாங்குங்கள். 200 விஏ இருந்தால் வுர்லிட்சருக்குத் தாராளம். எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். பழைய செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் ஒயரிங் அந்தக் காலத்தது, மூன்று ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகே சொருகுங்கள்.

வுர்லிட்சரில் இன்னொரு விஷயம் உண்டு. ரோட்ஸில் காந்தப் பிக்கப், வுர்லிட்சரில் அது கிடையாது. ஹேமர் அடித்து ஒலிக்கும் ரீட் என்ற எஃகு நாக்கும் அதைச் சுற்றியுள்ள தகடும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல வேலை செய்யும். அதற்காக அந்த இடத்தில் சுமார் 150 வோல்ட் டி.சி. நிற்கும். மூடியைத் திறந்து கை வைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூடி ஸ்குரூ போட்டபடியே இருக்கட்டும்.

மாமா தருவது நல்ல கருவி. ஆம்பும் இரண்டு ஸ்பீக்கரும் அதிலேயே இருக்கும், 64 கீ, எடை சுமார் 25 கிலோ. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: பேத்தி கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். பழைய பியானோ வாங்கிக் கொடுத்தால் நன்றாக வருமா தம்பி?

இப்போதைக்கு வேண்டாம் ஆச்சி. 88 கீ உள்ள டிஜிட்டல் பியானோ வாங்கிக் கொடுங்கள். பழையதில் கீயின் கனம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், கற்கிற விரலுக்கு அது குழப்பம். கை பழகிய பிறகு அவளே கேட்பாள், அப்போது என்னிடம் அனுப்புங்கள்.

காரைக்குடியிலிருந்து: முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி பழைய சாமான் கடைகளில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எதைப் பார்த்து வாங்குவது? மேலே பெட்டியெல்லாம் கிழிந்திருந்தால் விட்டுவிடலாமா?

பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுப்பு டோலெக்ஸ் துணி கிழிந்திருந்தால் வேறு ஒட்டிக்கொள்ளலாம். கண் போக வேண்டியது உள்ளே.

மூடியைத் திறந்து வலது கோடியிலிருந்து இடது கோடி வரை டைன்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றிரண்டு ஒடிந்திருந்தால் கவலை இல்லை, புதிய டைன் இன்றைக்கும் செய்கிறார்கள். அமெரிக்காவில் வின்டேஜ் வைப் போன்றவர்களிடம் கிடைக்கும். பாதிக்கு மேல் துருப்பிடித்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். காரைக்குடிக்காரருக்குத் துருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே நம் ஊரில் இருக்கிறது.

அடுத்து, எல்லாக் கீயையும் மெல்லத் தொட்டும் ஓங்கி அடித்தும் பாருங்கள். கீயை விட்டதும் ஒலி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டேம்பர் ஃபெல்ட்டை (அதிர்வை நிறுத்தும் கம்பளித் துண்டு) அந்துப்பூச்சி தின்றிருக்கும். டோன்பாரைத் தாங்கும் ரப்பர் வளையங்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்குக் காசைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். ஹேமர் நுனியில் இருக்கும் நியோப்ரீன் ரப்பரில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே.

கீ அழுத்தவே கனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். மார்க் ஒன் பலவற்றில் அப்படித்தான். கீயின் பின்பகுதியில், ஹேமர் உட்காருகிற இடத்தில், ஒரு சிறு மேடு ஒட்டினால் தொடுகை லேசாகிவிடும்.

கோட்டையூரிலிருந்து: என் ரோட்ஸில் ஒரு ஸ்வரம் மணி மாதிரி கணீரென்று கேட்கிறது, பக்கத்து ஸ்வரம் புல்லாங்குழல் மாதிரி மழுங்கலாக இருக்கிறது. சுதி இரண்டிலும் சரிதான். எதை மாற்றுவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரோட்ஸை வைத்திருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன். வாய்சிங் என்பார்கள்.

பிக்கப்பின் முனை ஆப்பு மாதிரி கூர்ந்திருக்கும். அதன் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே டைன் நுனி நின்றால், ஒரு முறை மேலும் கீழும் அசைவதற்குள் பிக்கப்பை இரண்டு முறை கடக்கிறது. அதனால் அடிஸ்வரம் மெலிந்து மேல் ஸ்தாயி முந்திக் கேட்கும், அதுதான் உங்கள் கணீர். டைன் நுனி நடுக்கோட்டுக்கு நன்றாக மேலே போனால் அடிஸ்வரம் மட்டும் நிற்கும், மழுங்கலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடம் உண்டு. அங்கே மெல்லத் தொட்டால் உருண்டையாகவும் அழுத்தி அடித்தால் உறுமலாகவும் பேசும். ரோட்ஸ் என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது அந்த ஒலிதான்.

டோன்பாரைத் தாங்கும் ஸ்குரூக்களைத் திருப்பித்தான் டைனின் உயரத்தை மாற்றுவது. கால் திருப்பு திருப்புங்கள், வாசியுங்கள், கேளுங்கள், மறுபடி கால் திருப்பு. பக்கத்து ஸ்வரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஒலியின் குணம் ஒத்துவந்த பிறகுதான் சத்தத்தின் அளவுக்கு வர வேண்டும். பிக்கப்பின் ஸ்குரூவைத் தளர்த்தி டைனுக்கு அருகே தள்ளினால் சத்தம் கூடும், விலக்கினால் குறையும். ஓங்கி அடிக்கும்போது டைன் பிக்கப்பைத் தொடக் கூடாது, தொட்டால் டக்கென்று தட்டும் ஓசை கேட்கும்.

ஒரே நாளில் 73ஐயும் முடிக்க நினைக்காதீர்கள், காது களைத்துவிடும். இரண்டு ஸ்தாயி செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

புதுவயலிலிருந்து: ஐப்பசி, கார்த்திகை வந்தால் கீ அழுத்தினால் எழும்புவதே இல்லை. தேங்காய் எண்ணெய் விடலாமா?

எந்த எண்ணெயும் கூடாது, ஸ்ப்ரேயும் கூடாது. கீ மரம். அடியில் உலோக முளை, முளையைச் சுற்றிக் கம்பளித் துணி. ஈரத்தில் இரண்டும் ஊதி முளையைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் விட்டால் கம்பளி அதைக் குடித்துப் பிசினாகி எப்போதும் ஒட்டும். மழை விட்டு வெயில் வந்ததும் தானே சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆகாவிட்டால் அந்தக் கீயை மட்டும் கழற்றி, முளை நுழையும் துளையின் துணியை இடுக்கியால் மெதுவாக அழுத்தித் தளர்த்துங்கள்.

கருவியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வளவில் முற்றத்தை ஒட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சாரல் அடிக்கும். உள்ளறையில், சுவரை ஒட்டாமல், சன்னல் வெயில் விழாத இடத்தில் வையுங்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் அங்கே வைக்காமல் குடியிருக்கிற வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். பூட்டின அறையில் எலி கூடு கட்டும், ஃபெல்ட்டைப் பூச்சி தின்னும், டைன் துருப்பிடிக்கும். தினம் பத்து நிமிஷம் வாசிக்கிற கருவியில் இந்த மூன்றையும் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

குன்றக்குடியிலிருந்து: வீணை வாசிக்கிற வீடு எங்களுடையது. இதில் நம் சங்கீதம் வாசிக்க முடியுமா? கமகம் வராதே?

வராது. அடித்த பிறகு ஸ்வரத்தை வளைக்க ரோட்ஸில் வழியே இல்லை. காரைக்குடி பாணி வீணையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய குறைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். சூட்கேஸில் 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருப்பதும் ஒலியை இடமும் வலமுமாக மாற்றி அனுப்புவதுதான், ஸ்வரம் அசையாது.

ஆனால் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு டைனிலும் ஒரு சுருள் கம்பி செருகியிருக்கும். அதை நுனிப் பக்கம் தள்ளினால் சுதி இறங்கும், அடிப்பக்கம் தள்ளினால் ஏறும். வீணைக்கு மேளம் வைப்பவர் மெழுகில் மெட்டை நகர்த்துவது மாதிரி ஸ்வரம் ஸ்வரமாக வைத்துக்கொள்ளலாம். கீபோர்டின் சம இடைவெளிச் சுதியில் அந்தர காந்தாரம், தம்புராவோடு சேரும் இடத்தைவிட சுமார் 14 சென்ட் ஏறி நிற்கிறது (பக்கத்துப் பக்கத்துக் கீ இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காகலி நிஷாதம் சுமார் 12 சென்ட். சென்ட் காட்டும் ட்யூனர் ஆப் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு கட்டை ஷட்ஜத்துக்கு இவற்றை இறக்கி வையுங்கள். தம்புராவைப் போட்டுவிட்டு ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அலையடிப்பு அநேகமாக இல்லாமல் மூன்றும் ஒன்றாக நிற்பதைக் கேட்பீர்கள்.

அந்தச் சுதியில் வேறு கட்டைக்கு மாற முடியாது. சினிமாப் பாட்டும் வாசிக்கிறவர் என்றால் வேண்டாம். ஒரே கட்டையில் பாடுகிறவருக்குத் துணையாக வாசிக்க இதைவிட இதமான கீ வாத்தியம் நான் கேட்டதில்லை.

மானாமதுரையிலிருந்து: எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் வரும் எலக்ட்ரிக் பியானோ ரோட்ஸா, வுர்லிட்சரா? காதால் எப்படிப் பிரிப்பது?

மெல்ல வாசித்தால் மணி, நீண்டு நிற்கும் என்றால் ரோட்ஸ். கொஞ்சம் கரகரப்பு, அழுத்தினால் குரைப்பு, சீக்கிரம் அடங்கிவிடும் என்றால் வுர்லிட்சர். கண்ணாடி மாதிரி பளபளவென்று, எவ்வளவு அடித்தாலும் உறுமாமல் இருந்தால் அது யமஹா டிஎக்ஸ்7 ஆக இருக்கலாம். 1983இல் வந்தது அது. பழைய எலக்ட்ரிக் பியானோக்களின் சந்தை அதோடு போயிற்று.

தேவகோட்டையிலிருந்து மறுபடியும்: வுர்லிட்சரில் ஒரு ஸ்வரம் சுதி விலகினால் நானே சரிசெய்யலாமா?

ரோட்ஸைப் போல எளிதில்லை. ரீட் நுனியில் ஒரு சொட்டு ஈயம் இருக்கும். ஈயம் சேர்த்தால் சுதி இறங்கும், அரத்தால் ராவினால் ஏறும். ராவின தூள் ரீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் விழுந்தால் கரகரவென்று சத்தம் வரும். ரீட்டைக் கழற்றி வெளியே வைத்து ராவ வேண்டும், திரும்பப் போடும்போது தகட்டின் இடைவெளியில் சரியாக நடுவில் நிற்க வேண்டும். சாலிடரிங் கை பழகியவர் என்றால் செய்யலாம்.

சென்னையிலிருந்து: கானாடுகாத்தான் வீட்டிலிருந்து ஸ்டேஜ் 73ஐ இங்கே கொண்டுவர வேண்டும். எப்படி அனுப்பச் சொல்வது?

சுமார் 60 கிலோ, இரண்டு ஆள் வேண்டும். காலையும் பெடல் கம்பியையும் கழற்றித் துணியில் சுற்றித் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். கால் ஸ்குரூக்கள் தொலைந்தால் அதே அளவில் தேடுவது கஷ்டம், ஒரு டப்பாவில் போட்டு டேப் ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே டைன் சட்டத்தின் ஸ்குரூ எல்லாம் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைப் பூட்ட வேண்டும். குட்டி யானையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, மேலே எதையும் ஏற்றாமல் கொண்டுவாருங்கள். வந்ததும் ஒரு நாள் விட்டுத் திறந்து, சுதி பார்த்துவிட்டு வாசியுங்கள்.